மேசைக்கு ஓர் அமரர்

1. சப்பாத்துப் பெட்டிகள்

வேலையில் சேர்ந்த முதல் நாள் காலை, முதலாளி ரஞ்சன் அண்ணை என் மேசையில் மூன்று சப்பாத்துப் பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார். முதலாவது பெட்டி நிறைய “அமைதி” என்று ஆங்கிலத்தில் அச்சடித்த சிறு கார்ட்டுகள். இரண்டாவதில் “வலிமை”. மூன்றாவதில் “அன்பு”.

“இதுதான் மீனிங் கார்ட். சாமானிலை எழுத்துக் கிடந்தா இதிலை ஒண்டை எடுத்துக் கட்டிவிடும். பெரிய சாமானுக்கு வலிமை. சின்னதுக்கு அன்பு. மிச்சத்துக்கெல்லாம் அமைதி.”

“எழுத்திலை உண்மையா என்ன இருக்கெண்டு ஆர் பாக்கிறது, அண்ணை?”

“அதுக்குத்தானே பிள்ளை உம்மை எடுத்தது. ஆனா இவ்வளவு காலமும் ஒருத்தரும் கேக்கேல்லை.”

எங்கள் கிடங்கு சவுத்தாலில், ஒரு சல்வார் கடைக்கும் டயர் கடைக்கும் பின்னால் இருக்கிறது. ஜப்பானில் ஆளில்லாத பழைய வீடுகளைத் துப்புரவாக்கும்போது ஏலத்துக்கு வரும் சாமான்களை ரஞ்சன் அண்ணை லொட் கணக்கில் எடுப்பார். பெட்டகம், சுருள் ஓவியம், கடைப்பலகை, கிண்ணம் எல்லாம் கலந்து கொண்டெய்னரில் வரும். இங்கே ஸ்பா, யோகா நிலையம், நகம் பூசும் கடை, ஹோட்டல் என்று வாங்குவதற்கு ஆள் இருக்கிறது. பாரிஸில் உணவகமொன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த காலத்தில்தான் அவருக்கு ஞானம் பிறந்ததாம். சுவரில் யாருக்கும் விளங்காத எழுத்து ஒன்று தொங்கினால் வெள்ளைக்காரர்கள் மெதுவாகக் கதைக்கிறார்கள், மெதுவாகக் கதைக்கிறவர்கள் விலை கேட்பதில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா ஹீத்ரோவில் கார்கோ ஏற்றி இறக்குகிறார். அம்மாவின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு, இடம்பெயர்வில் முடிந்தது. நான் ஜப்பானிய மொழி படித்தேன், அதோடு பழைய சீன பௌத்த நூல்களை வாசிக்கவும் பழகினேன். எங்கள் சொந்தக்காரர்களுக்குத் தெரிந்த படிப்பு டொக்டர், எஞ்சினியர், அக்கவுண்டன்ட். அவர்களிடமும் மூன்று பெட்டிதான் இருந்தது. ஹவுன்ஸ்லோவில் இருக்கும் என் சித்தி, “பொம்பிளைப்பிள்ளை ஜப்பான் பாஷை படிச்சு ஆரைக் கட்டப்போறாய்?” என்று கேட்டார். வேலை கிடைத்த அன்று அப்பா அவருக்குத்தான் முதலில் போன் செய்தார். ஆறு மாத புரோபேஷன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அந்த முதல் நாளிலேயே ஒரு சிவப்புத் தகரப் பலகை யோகா நிலையம் ஒன்றுக்குப் போகத் தயாராக இருந்தது. அதில் நான்கு எழுத்துகள்: 火気厳禁. கட்டியிருந்த கார்ட், விசேஷமாக அச்சடித்தது, “உள்ளொளி” என்றது.

“அண்ணை, இது பெற்றோல் சேமிக்கிற இடத்திலை மாட்டுற பலகை. ‘நெருப்புக் கொண்டுவரக் கூடாது’ எண்டு கிடக்கு.”

“நெருப்பு எண்டு கிடக்கோ?”

“முதல் எழுத்து நெருப்பு.”

“அப்ப உள்ளொளி சரிதானே. மிச்ச மூண்டும் சும்மா எழுத்துத்தானே.”

பலகை போய்விட்டது. அந்த யோகா நிலையத்தில் இன்றைக்கும் ஆட்கள் அதன் கீழே மெழுகுதிரி ஏற்றிவைத்துக் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார்கள்.

2. கூட்டுச்சொல் எப்படி வேலை செய்கிறது

இந்த வேலைக்கு வர நினைக்கிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பொருள் உண்டு. இரண்டு எழுத்துச் சேர்ந்தால் வருவது தனி ஆள். அப்பாவையும் அம்மாவையும் தெரியும் என்பதற்காகப் பிள்ளையைத் தெரியும் என்று சொல்லிவிட முடியாது. இதை விளங்காமல்தான் லண்டனில் பாதிப் பேர் தோளில் பச்சை குத்திக்கொண்டு திரிகிறார்கள்.

பௌத்தச் சொற்கள் இன்னும் சுவாரசியமானவை. இந்தியாவில் புறப்பட்டு, சீனாவில் உடை மாற்றி, ஜப்பானுக்குப் போய் வேறு தொழில் பார்க்கின்றன. நம் நரகம் அங்கே 奈落, நரக்கு. இன்றைக்கு நாடக மேடைக்கு அடியில் பொறிகள் இருக்கும் நிலவறைக்கு அதுதான் பெயர். நம் தானம் அங்கே 旦那, தன்னா. கோயிலுக்குக் கொடுப்பவரைக் குறித்த சொல், பிறகு கொடுக்கிற எவரையும் குறித்து, இன்றைக்குக் கடை முதலாளியையும் புருஷனையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். ரஞ்சன் அண்ணையைப் பார்க்கும்போது சொல்லின் மூலப்பொருள் எனக்கு மறந்து போகும்.

எனக்குப் பிடித்தது 我慢, கமன். ‘நான்’ என்ற எழுத்தும் ‘செருக்கு’ என்ற எழுத்தும் சேர்ந்தது. பௌத்த நூலில் இது ஒரு குற்றம்: நான் என்னும் அகந்தை. எங்கேயோ வழியில் திரும்பி, இப்போது ஜப்பானில் பொறுமைக்கு இதுதான் சொல். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவது. எங்கள் கிடங்கில் வேலை செய்ய இரண்டும் தேவைப்பட்டன.

வாடிக்கையாளர்களும் குறைந்தவர்களில்லை. ரிச்மண்டிலிருந்து ஒரு தியான ஆசிரியை வந்து 無心 என்ற சுருளைத் தேர்ந்தெடுத்தார். மனம் இல்லை என்பது எழுத்துப்படி. பற்றுகள் அற்ற மனநிலை என்பது சென் பௌத்தர் சொல்லும் பொருள். அன்றாட ஜப்பானியத்தில், வெட்கத்தை விட்டுக் காசு கேட்பதற்கும் அதே சொல்தான். நான் மூன்றையும் சொன்னேன். அவர் கண்ணை மூடி யோசித்துவிட்டு, “இதெல்லாம் ஒன்றுதான், ஆழத்தில்” என்றார். அவருடைய வார இறுதி முகாமின் கட்டணத்தை வலைத்தளத்தில் பார்த்த பிறகு நானும் ஒத்துக்கொண்டேன்.

3. கறுப்புப் பலகைகள்

ஒரு கொண்டெய்னரில் நாற்பதுக்குக் கிட்ட சின்னப் பலகைகள் வந்தன. முழங்கை நீளம்கூட இராது. கறுப்பு லாக்கர் பூசி, தாமரைப் பீடத்தில் நிமிர்ந்து நிற்கும். நடுவில் பொன்னெழுத்து. மிக அழகானவை. கடதாசியைப் பிரித்து முதல் பலகையைப் பார்த்தவுடன் அதை நான் மெதுவாகத் திரும்ப வைத்தேன்.

அவை இஹாய். ஜப்பானிய பௌத்த வீடுகளில் ஒருவர் இறந்தால் கோயில் அவருக்குப் புதிதாக ஒரு பெயர் கொடுக்கும். அந்தப் பெயரைப் பலகையில் எழுதி, வீட்டுப் பூசையிடத்தில் வைத்து, தினமும் சோறும் தண்ணீரும் படைப்பார்கள். பெயரின் கடைசி இரண்டு எழுத்தைப் பார்த்தால் ஆளைத் தெரிந்துகொள்ளலாம். 信士 என்றால் நம்பிக்கையோடு வாழ்ந்த ஆண். 信女 என்றால் அப்படிப்பட்ட பெண். 居士 இன்னும் உயர்ந்த இடம்: இல்லறத்தில் இருந்தே அறத்தைக் கடைப்பிடித்தவர். எல்லாவற்றுக்கும் கீழே 霊位, ஆவி அமரும் இடம். பின்பக்கத்தில் இறந்த திகதி, வயது, உயிரோடு இருந்தபோது இருந்த பெயர். வீட்டை விட்டு இந்தப் பலகைகளை அனுப்புவதென்றால் பிக்குவைக் கூப்பிட்டுக் கிரியை செய்து, உள்ளே இருப்பவரை விடுவித்து, பிறகு எரிக்க வேண்டும். யாரும் இல்லாத வீடு என்றால் அதைச் செய்ய ஆள் இல்லை. லொட்டில் வந்துவிடுகின்றன.

ஒன்று மற்றவற்றைவிடச் சிறியது. 春露童女. வசந்தம், பனித்துளி, பெண்குழந்தை. பின்பக்கத்தில் கியோ என்ற பெயர், நூறு வருடத்துக்கு முந்திய தைஷோ அரசர் காலத்துத் திகதி, வயது ஏழு.

ரஞ்சன் அண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கவனமாகத்தான் கேட்டார்.

“அப்ப செத்தாப் பிறகும் கிளாஸ் இருக்கெண்டுறீர்.”

“இருக்கு அண்ணை. பெரிய பேருக்கு வீட்டுக்காரர் கோயிலுக்குக் கூடக் குடுக்க வேணும்.”

“நல்ல பிஸ்னஸ்.” ஒரு பலகையைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். “இது முழுக்க வித்தாச்சு, பிள்ளை. சுகந்தி எடுக்கிறா. கலியாணத்துக்கு.”

சுகந்தி அக்கா எட்மண்டனில் மணவறை அலங்காரம் செய்கிறவர். அவருக்கு ஹவுன்ஸ்லோவில் ஒரு பெரிய கலியாணம் கிடைத்திருந்தது. மாப்பிள்ளையும் பொம்பிளையும் நிச்சயதார்த்தப் படத்தை ஜப்பானில் செர்ரிப் பூவுக்குக் கீழே எடுத்தவர்கள், அதனால் மண்டபமும் ஜப்பானாக வேண்டும். கறுப்பும் பொன்னுமான பலகைகளைப் போட்டோவில் பார்த்ததும் மேசைக்கு ஒன்று, மணவறையின் இரண்டு பக்கமும் நான்கு நான்கு என்று கணக்குப் போட்டுவிட்டார்.

“அண்ணை, மணவறைக்குப் பக்கத்திலை செத்த ஆக்களை நிப்பாட்டப் போறியளோ?”

“பழைய சாமான் எல்லாம் செத்த ஆக்களின்ரைதானே. நீர் இருக்கிற கதிரை? அதிலை முதல் இருந்தவன் உயிரோடையோ?”

“கதிரையிலை அவரின்ரை பேரெழுதி அவர் வந்து இருக்கிறாரெண்டு நம்பேல்லை.”

“வாசிக்கத் தெரியாத எழுத்துக்கு அர்த்தம் இல்லை, பிள்ளை. வாங்கிறவன் என்ன நினைக்கிறானோ அதுதான் அர்த்தம். நீர் அமைதி எண்டு போடும். செத்தவன் அமைதியாத்தானே கிடக்கிறான்?”

நான் படித்த காலத்தில் இதைவிடப் பலவீனமான வாதங்களைத் தடித்த புத்தகங்களில் வாசித்திருக்கிறேன். ஆனாலும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஏழு வயதுப் பிள்ளையின் ஆவி இருக்கிறது என்று அதன் தாய் நம்பிச் சோறு வைத்த பலகை. அதன் முன்னால் நான்காம் இலக்க மேசைக்காரர் றோல்ஸும் கட்லட்டும் தின்னப் போகிறார்.

மறுத்தால் புரோபேஷன் அன்றோடு முடியும். சித்திக்குச் செய்தி போக அரை மணித்தியாலம் போதும். சுகந்தி அக்காவுக்கு நானே போன் எடுக்கலாம் என்றும் யோசித்தேன். ‘அது புதுப்பிள்ளை, தெரியாமல் சொல்லுது’ என்று ரஞ்சன் அண்ணை ஒரு வார்த்தையில் அதை அழித்துவிடுவார்.

அடுத்த நாள் அவரே வந்து சொன்னார். “மாப்பிள்ளையின்ரை தேப்பன் பெரிய தமிழ்ப் பற்றாளராம். மேசைக் கார்ட் இங்கிலிசிலை வேண்டாமாம். எழுத்தின்ரை அர்த்தத்தைத் தமிழிலை அடிக்கட்டாம். நீர் ஒரு சாம்பிள் செய்யும். வடிவாச் செய்யும்.”

“எழுத்திலை இருக்கிற அர்த்தத்தையோ, அண்ணை?”

“ஓம், ஓம். அழகா.”

அவர் உத்தரவு கொடுத்துவிட்டார்.

4. மாதிரி கார்ட்

அந்தச் சின்னப் பலகையை எடுத்துக்கொண்டேன். எழுத்து எழுத்தாகத் தமிழில் வைக்க வைக்க, எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆங்கிலத்தில் இந்தக் கூட்டுச்சொற்களை எழுதினால் அசட்டுத்தனமாக இருக்கும். தமிழில் தேடவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஆட்கள் மரண அறிவித்தலில், முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் கல்வெட்டுப் புத்தகத்தில், வீட்டுச் சுவரில் மாலை போட்ட படத்துக்குக் கீழே எழுதும் அதே வரிசை. ஆவி அமரும் இடம் என்ற இரண்டெழுத்துக்கு எங்களிடம் ஒரே சொல் தயாராக இருந்தது. இறந்த திகதிக்கு இருந்தது. வயதுக்கு இருந்தது. பெயருக்குப் பக்கத்தில் வீட்டில் கூப்பிடும் பெயரைப் போடும் வழக்கம்கூட அப்படியே இருந்தது.

கறுப்பு மட்டையில் பொன்னிறத்தில், தாமரை போட்டு அடித்தேன்:

அமரர்
செல்வி வசந்தப்பனி
வீட்டுப் பெயர்: கியோ
மலர்வு: தெரியாது
உதிர்வு: தைஷோ காலம், மாசி மாதம்
அகவை ஏழு

ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை. அதை ரஞ்சன் அண்ணையின் மேசையில் வைத்தேன். அவர் தூரத்தில் பிடித்து, “கோல்ட் நல்லா எழும்பியிருக்கு” என்றார். கார்ட்டை வாசிப்பது வாங்குகிறவரின் வேலை என்பது அவருடைய கொள்கை.

சுகந்தி அக்கா பின்னேரம் வந்தார். கையில் மாவிலை, தோரணம், இன்னொரு வீட்டுப் பூப்புனித நீராட்டு விழாவுக்கான பட்டியல் எல்லாம் இருந்தன. ரஞ்சன் அண்ணை பெருமையோடு கார்ட்டை நீட்டினார்.

“எங்கடை பிள்ளை தமிழிலை அடிச்சிருக்கு. பாருங்கோ வடிவை.”

அவர் பார்த்தார். முதல் சொல்லிலேயே கண் நின்றுவிட்டது. பிறகு கார்ட்டை மேசையில் வைத்து, விரல்களைச் சேலைத் தலைப்பில் துடைத்தார்.

“என்ன இது?”

“அர்த்தம்,” என்றார் ரஞ்சன் அண்ணை.

“எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், அண்ணை. இது ஆரின்ரை செத்தவீட்டு நோட்டீஸ்?”

ரஞ்சன் அண்ணை கார்ட்டை எடுத்து, முதன்முறையாக வாசித்தார். என்னைப் பார்த்த பார்வையில் என் ஆறு மாதமும் தெரிந்தது.

“பிள்ளை வேறை என்னவோ சாம்பிளை மாறி எடுத்திட்டுது போலை. என்ன பிள்ளை? இந்தப் பலகையிலை அமைதி எண்டுதானே கிடக்கு? அக்காவுக்குச் சொல்லும்.”

ஓம் என்று ஒரு சொல் போதும். வேலை இருக்கும், அப்பாவின் தலை நிமிர்ந்தே இருக்கும். நான் பலகையைக் கொண்டுவந்து சுகந்தி அக்காவின் முன்னால் வைத்து, விரலை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தினேன்.

“இது வசந்தம், அக்கா. இது பனித்துளி. இது ரெண்டும் சேர்ந்தா பெண்குழந்தை. செத்த பிள்ளையளுக்கு மட்டும் போடுற சொல். இது ரெண்டும் ஆவி இருக்கிற இடம்.”

“எல்லாம் செத்த ஆக்களோ?”

“ஓம். புருஷன் பெண்சாதி சேர்ந்து ஒரே பலகையிலையும் இருக்கினம்.”

“கடவுளே, சோடியா வேறையோ.” அவர் கதிரையில் இருக்கப் போய், கதிரையையும் ஒருமுறை பார்த்துவிட்டு, நின்றார். “மணவறையிலை செத்தவீட்டுச் சாமான் வைக்கப் பாத்தனீங்கள், ரஞ்சன் அண்ணை. எட்டு அமரர் காவல் நிக்க, நடுவிலை தாலி கட்டு. மாப்பிள்ளையின்ரை தேப்பன் தமிழ் வாசிக்கிற மனுசன். மேசைக்கு மேசை வாசிச்சுக்கொண்டு வந்திருப்பார்.”

“கார்ட்டை மாத்தினாச் சரி, சுகந்தி. அமைதி எண்டு போட்டால் ஆருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியுமே. இனித் தெரியாமல் இருக்கேலுமோ?” அவர் மாவிலையைத் தூக்கித் தொலைவில் வைத்தார். “நான் இதுகளைத் தொட்டிட்டன். முழுகாமல் அந்தப் பிள்ளையின்ரை சாமத்திய வீட்டுக்குப் போகேலாது.”

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். சின்னப் பலகையை இந்த முறை தொடாமல் குனிந்து பார்த்தார்.

“ஏழு வயசோ?”

“ஓம், அக்கா.”

“இவையை முறையா அனுப்புங்கோ,” என்று ரஞ்சன் அண்ணையிடம் சொன்னார். “அனுப்பினதை நான் கண்ணாலை பாக்கோணும். அதுக்குப் பிறகு மணவறைக்கு உங்களிட்டை வேறை சாமான் எடுப்பன். இல்லாட்டி எட்மண்டனிலை இருந்து குறொய்டன் வரைக்கும் ஒரு தமிழ்க் கலியாணமும் உங்களிட்டை வராது.”

அவருடைய கார் போன பிறகு ரஞ்சன் அண்ணை என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பலகைகள் அடுக்கியிருந்த றாக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“பிள்ளை, நீர் இண்டைக்கு எத்தினை மணிக்குப் போறீர்?”

“அஞ்சுக்கு.”

“நானும் அஞ்சுக்குப் போறன்.”

5. கிரியைக்காரர்

அன்றிலிருந்து அவர் கிடங்கில் தனியாக நிற்கவில்லை. பலகைகளுக்கு முன்னால் சாம்பிராணிக் குச்சி கொளுத்தினார். விளங்காத எழுத்துக்கு அர்த்தம் இல்லை என்று சொன்ன வாய், றாக்கைக் கடக்கும்போது ‘சிவ சிவா’ என்றது. முதலில் கோயில் ஐயரைக் கேட்டிருக்கிறார். “எங்கடை ஆக்கள் இல்லையே” என்று ஐயர் கையை விரித்துவிட்டார். நான் ஒரு சின்ன ஜப்பானிய பௌத்த ஆலயத்துக்குக் கடிதம் எழுதினேன். பிக்கு வருவதாகச் சொன்னார்.

ஞாயிறு காலை அவர் ரயிலில், கறுப்பு அங்கியை முதுகுப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வந்தார். மேசையில் வெள்ளைத் துணி விரித்துப் பலகைகளை நிறுத்தினோம். ரஞ்சன் அண்ணை வாழைப்பழமும் உழுந்து வடையும் கொண்டுவந்து, “சைவம்தான் எண்டு சொல்லும்” என்றார். சுகந்தி அக்கா வெள்ளைப் பூக்களோடு வந்து, முழுகிவிட்டுப் போக மாற்றுச் சேலையையும் காரில் வைத்துக்கொண்டு, வாசலோடு நின்றார்.

“ஐயாவிட்டைக் கேளும், இவை என்னிலை கோபமோ எண்டு. ஜப்பானிலை கேளும். அதுதான் மரியாதை,” என்றார் ரஞ்சன் அண்ணை.

கேட்டேன். பிக்கு அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “அவர்கள் கோபமாக இல்லை. ஆனால் இந்தப் பயம் இவருக்கு நல்லது, விட வேண்டாம்.” நான் முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்தேன்.

பிறகு பிக்கு, “செஷு யார்?” என்று கேட்டார்.

施主. கொடுத்தல், தலைவர். இறந்தவருக்காகக் கிரியையை நடத்தி வைக்கும் வீட்டு ஆள். எல்லோருக்கும் முதல் தூபம் போட வேண்டியவர். நான் விளக்கினேன்.

“கொள்ளி வைக்கிற ஆள் மாதிரியோ?” ரஞ்சன் அண்ணை ஓரடி பின்னால் போனார். “எனக்கு ஏலாது. என்ரை தேப்பனுக்கே தம்பிதான் செய்தவன். நான் பாரிஸிலை நிண்டனான்.”

சுகந்தி அக்கா வாசலில் இருந்து அசையவில்லை. பிக்கு காத்துக்கொண்டிருந்தார்.

“நீர் செய்யும், பிள்ளை,” என்றார் ரஞ்சன் அண்ணை. “நீர்தானே வாசிச்சனீர். வாசிச்சபடியால் உம்முடைய ஆக்கள்.”

தப்புவதற்காகச் சொன்ன சொல்தான். எங்கள் வழக்கத்தில் பெண்கள் கிரியை செய்வதில்லை, சுடலைக்குப் போவதுமில்லை. அப்பாவின் அப்பா இறந்தபோது அடுப்படிக்குள் நிறுத்தப்பட்டவள் நான். பெண் செய்யலாமா என்று பிக்குவைக் கேட்டேன். என் கேள்வி அவருக்கு விளங்கவில்லை. “வாசிக்கத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியும் என்றேன். “அப்படியானால் பெயர்களை நீங்களே வாசியுங்கள்.”

வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சிட்டிகை தூபம். இல்லறத்தார்கள், நம்பிக்கையோடு வாழ்ந்த பெண்கள், சோடியாக நின்ற கணவன் மனைவிகள். பின்பக்கத்துப் பெயர்களையும் விடவில்லை. கியோ என்ற பெயரை வாசித்தபோது பின்னால் சுகந்தி அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கிரியை முடிந்ததும், இனி இவை வெறும் மரம் என்று சொல்லி, எரிப்பதற்காகப் பிக்கு பெட்டிகளில் அடுக்கினார். வடைகளையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வேலை நிலைத்தது. அதிசயமாக ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கலியாணத்துக்குச் சுகந்தி அக்கா ஜப்பானிய எழுத்துப் போட்ட வெறும் மதுப் பீப்பாய்களை எடுத்துக்கொண்டு போனார், ரஞ்சன் அண்ணை இப்போது வாடிக்கையாளர்களிடம், “நாங்கள் வாசிச்சுப் பாக்காமல் ஒண்டும் விக்கிறேல்லை” என்று தன் பழக்கத்தைப் போலச் சொல்லிக்கொள்கிறார்.

மொழி படிக்கப் போகும் தங்கைமாருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். வாசிப்பதற்குச் சம்பளம் தருவார்கள். வாசித்து முடித்த பிறகு அந்தப் பெயர்கள் உங்களிடம் வந்து நிற்கும், அதற்கு யாரும் சம்பளம் தர மாட்டார்கள். அப்போது முன்னால் போய் நில்லுங்கள். பெண்பிள்ளை ஏன் நிற்கிறாள் என்று யாராவது கேட்டால், வாசிக்கத் தெரிந்தவள் நான்தான் என்று சொல்லுங்கள்.